கறுப்புக் கண்ணாடியில் பதவியின் பெயரால் யாருக்கும் விலக்கு வேண்டாம்!

வாடகைக் கார், வேன், ஆட்டோ, மினி லாரி ஓட்டிப் பிழைக்கும் லப்பைக்குடிக்காட்டுத் தோழர்களே! திருமாந்துறை, வாலிகண்டபுரம், குன்னம், வேப்பூர் பக்கத்துத் தோழர்களே! வெள்ளாற்றுக்கு அக்கரையில் திட்டக்குடி ஸ்டாண்டில் வண்டி போட்டிருப்பவர்களே! அரியலூரில் சிமெண்ட் லோடு ஏற்றும் லாரித் தோழர்களே! எல்லோருக்கும் அவசரமாக ஒரு சேதி. டீ குடிக்கிற நேரத்தில் படித்து முடித்துவிடலாம். படித்த பிறகு சும்மா இருக்கக் கூடாது.

நீதிபதிகளின் கார்களுக்கு மட்டும் கறுப்பு ஃபிலிம் தடையிலிருந்து விலக்கு தரலாம் என்ற யோசனையை முளையிலேயே எதிர்த்து நிற்க வேண்டும். அப்படி ஓர் ஆணை வந்துவிட்டது என்று யாரும் பீதி கிளப்ப வேண்டாம். வரவில்லை. ஆனால் எங்காவது ஒரு நீதிபதிக்கு மிரட்டல் வரும் நாளில், ஒரு தாக்குதல் நடக்கும் நாளில், ‘இவர்களுக்காவது விலக்கு கொடுங்களேன்’ என்று குரல் எழும். அந்தப் பரபரப்பில் எதிர்த்துப் பேசுகிறவன் கல்நெஞ்சக்காரன் ஆகிவிடுவான். ஆகவே பரபரப்பு இல்லாத நேரத்திலேயே பேசியாக வேண்டும்.

‘மசோதா வரட்டும், சட்டமன்றத்தில் பேசுவார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருந்துவிடாதீர்கள். இதற்கு மசோதாவே தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 110-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவை எடுத்துப் பாருங்கள். எந்த வகை வாகனத்துக்கும் விலக்கு தர மத்திய அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. மத்திய அரசு வகுக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு மாநில அரசும் விலக்கு தரலாம். அரசிதழில் ஓர் அறிவிக்கை வந்தால் முடிந்தது கதை. விவாதம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை. நமக்குத் தெரியவரும்போது கண்ணாடியில் ஃபிலிம் ஏறியிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம்மில் பலருக்கு ஃபைன் கட்டத் தெரியும், விதி தெரியாது. தெரிந்துகொள்வோம். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-ஆம் விதி கண்ணாடியைப் பற்றியது. முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் 70 விழுக்காடு வெளிச்சத்தையாவது உள்ளே விட வேண்டும். பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடாவது விட வேண்டும். இந்த விதி பல ஆண்டுகள் ஏட்டிலேயே கிடந்தது. ஊருக்கு ஊர் ஃபிலிம் ஒட்டும் கடைகள் பெருகின. வண்டிக்குள் யார் இருக்கிறார்கள், என்ன நடக்கிறது என்று வெளியே நிற்பவருக்குத் தெரியாத காலம் அது.

அவிஷேக் கோயங்கா என்பவர் பொதுநல வழக்குப் போட்டார். தலைமை நீதிபதி எஸ்.எச். கபாடியா, நீதிபதிகள் ஏ.கே. பட்நாயக், ஸ்வதந்தர் குமார் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு 2012 ஏப்ரல் 27 அன்று தீர்ப்புச் சொன்னது. கார்க் கம்பெனி தயாரிக்கும்போதே கண்ணாடியில் அளவுக்கு உட்பட்ட சாயம் இருக்கலாம். அதன்மேல் எந்த அடர்த்தியிலும் ஃபிலிம் ஒட்டக் கூடாது. மே 4 முதல் நாடு முழுக்க இதை அமல்படுத்த வேண்டும். தவறினால் மாநிலங்களின் காவல்துறைத் தலைவர்கள் நீதிமன்ற அவமதிப்புக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பெரிய மனிதர்களின் வண்டிகள் பற்றியும் அந்தத் தீர்ப்பு பேசியது. முக்கியப் பிரமுகர்கள் பாதுகாப்பைச் சொல்லிக் கறுப்பு ஃபிலிம் ஒட்டி வந்தார்கள் அல்லவா? அதற்கு அனுமதி தரும் எந்த அறிவிக்கையும் தங்கள் முன் வைக்கப்படவில்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள். இசட், இசட் பிளஸ் பாதுகாப்பில் இருப்பவர்கள் விலக்குக் கேட்டால் மாநில காவல்துறைத் தலைவர் அல்லது ஆணையரும் உள்துறைச் செயலாளரும் அடங்கிய குழு ஒவ்வொன்றாகப் பரிசீலிக்கலாம், அதுவும் அரசு வாகனத்துக்கு மட்டும் என்றார்கள். அதோடு, அரசு இது குறித்து விதிமுறை வகுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்தார்கள். நாம் காவல் நிற்க வேண்டிய வாசல் அதுதான்.

தீர்ப்பு வழங்கிய மூவரும் நீதிபதிகள். தங்கள் பதவிக்கென்று ஒரு வரி விலக்கு எழுதிக்கொள்ள அவர்களால் முடியாதா? எழுதவில்லை. கேட்ட விலக்கை அளந்து கொடுத்தவர்கள் தங்களுக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நேர்மையைக் காப்பாற்றத்தான் நாம் கூடப்போகிறோம்.

நம் வண்டியில் நடந்தது

அந்த ஆண்டு மே மாதத்தை மறந்திருக்க மாட்டீர்கள். கத்திரி வெயில். செக்போஸ்ட்டுக்குச் செக்போஸ்ட் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்கள். ஃபிலிமை நம் கையாலேயே உரிக்க வைத்தார்கள். புது ஃபிலிம் என்றால் மேல் மூலையில் பிளேடு முனையால் கிளப்பி இழுத்தால் ஒரே பாளமாக வந்துவிடும். வெயிலில் காய்ந்த பழைய ஃபிலிம் நகம் நகமாகத்தான் வரும். பின்கண்ணாடியில் பனியை நீக்க ஓடும் மெல்லிய கம்பிக் கோடுகள் பாதி அந்த ஃபிலிமோடு சேர்ந்தே உரிந்து வந்தன. சோப்புத் தண்ணீர், மண்ணெண்ணெய் எது போட்டுத் தேய்த்தாலும் பசை முழுசாகப் போகாது. ரோட்டுத் தூசியெல்லாம் அந்தப் பசையில் அப்பிக்கொண்டது. எஃப்.சி.க்குப் போனால் பிரேக் இன்ஸ்பெக்டர் விரலால் தடவிப் பார்த்து, ‘முழுசா எடுத்துட்டு வா’ என்று திருப்பி அனுப்பினார். அன்று 177-ஆம் பிரிவில் முதல் முறை 100 ரூபாய், அடுத்த முறை 300 ரூபாய். 2019 திருத்தத்துக்குப் பின் அது 500, 1,500 என்று ஏறியது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து புதிய கணக்குதான்.

இந்த ஊரில் இது வெறும் வெயில் பிரச்சினை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். துபாயிலிருந்தும் குவைத்திலிருந்தும் வரும் நம் பிள்ளைகளை அழைத்துவர நடுநிசியில் திருச்சி விமான நிலையத்துக்கு ஓட்டுகிறோம். பிள்ளையைக் கூட்டிவரக் குடும்பமே கிளம்பும். வண்டி நிறையப் பெண்கள். ‘பாய், உள்ளே பொம்பளைங்க இருக்காங்க, ஒரு கூலிங் பேப்பர் ஒட்டக் கூடாதா?’ என்று நம்மைக் கேட்காத குடும்பம் உண்டா? ‘ஒட்டினா ஃபைன் போடுவாங்கம்மா’ என்று சொல்லிச் சொல்லி நம் வாய் வலித்ததுதான் மிச்சம். கண் அறுவை முடிந்து கூசும் கண்ணோடு திருச்சியிலிருந்து திரும்பும் பெரியவருக்கும் விலக்கு இல்லை. வெயில் பட்டால் தோல் வெந்துபோகும் நோயாளிக்கும் விலக்கு இல்லை. கோஷாவுக்கும் இல்லை, நோய்க்கும் இல்லை. வண்டிக்குள் நடப்பது வெளியே தெரிய வேண்டும், அதில்தான் எல்லோருடைய பாதுகாப்பும் இருக்கிறது என்று நீதிமன்றம் சொன்னது. நாம் முனகினோம். ஆனாலும் ஏற்றுக்கொண்டோம்.

ஏன் ஏற்றுக்கொண்டோம்? அதே 2012 டிசம்பர் 16 இரவு டெல்லியில் ஓடிய அந்தப் பேருந்தை நினைத்துப் பாருங்கள். திரையும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட பேருந்து அது. உள்ளே ஒரு பெண்ணைச் சிதைத்துக்கொண்டிருந்தார்கள். வண்டி ஊரைச் சுற்றிக்கொண்டே இருந்தது. தடுத்து நிறுத்த ஒருவரும் இல்லை. தீர்ப்பு வந்து ஏழு மாதத்துக்கு மேல் ஆகியும் தலைநகரிலேயே அதை ஒழுங்காக அமல்படுத்தவில்லை. அதற்குப் பிறகு நம்மில் யாரும் ‘எதற்கு இந்தத் தடை?’ என்று கேட்கவில்லை. நம் வீட்டுப் பெண்களும் பேருந்தில் போகிறவர்கள்தானே.

நம்மிடம் இவ்வளவு கேட்ட சட்டம், தீர்ப்புச் சொன்னவர்களின் வாசலில் வந்ததும் வளைந்துகொடுத்தால் அடுத்த செக்போஸ்ட்டில் எந்த முகத்தோடு ஒரு காவலர் நம் வண்டியை நிறுத்துவார்?

பாதுகாப்பு வேண்டாமா?

வேண்டும் தோழர்களே, நிச்சயம் வேண்டும். இதில் நமக்கு இரண்டாவது பேச்சே இருக்கக் கூடாது. நீதிபதிக்கு ஆபத்து என்பது கட்டுக்கதை இல்லை. 2021 ஜூலை 28 அதிகாலை ஜார்க்கண்டின் தன்பாத்தில் மாவட்டக் கூடுதல் நீதிபதி உத்தம் ஆனந்த் சாலையோரம் ஓடிக்கொண்டிருந்தார். ஓர் ஆட்டோ வேண்டுமென்றே ஒதுங்கி வந்து அவரை மோதிக் கொன்றது. 2025 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றத்திலேயே தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் மீது ஒரு வழக்கறிஞர் காலணியை வீச முயன்றார். 2022-இல் ஹிஜாப் தடை செல்லும் என்று தீர்ப்புச் சொன்ன கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதிகள் 3 பேருக்குக் கொலை மிரட்டல் வந்தது. தமிழ்நாட்டு மேடையிலிருந்தும் வந்தது. அவர்களுக்கு ஒய் பிரிவுப் பாதுகாப்பு தர வேண்டியதாயிற்று. அந்தத் தீர்ப்பு நம் ஊரில் எத்தனை வீட்டுப் பிள்ளைகளைக் கலங்கடித்தது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்: தீர்ப்பை எதிர்க்க மேல்முறையீடு இருக்கிறது, நீதிபதியை மிரட்டுகிறவன் நம் ஆள் இல்லை. எந்த மேடையில் பேசினாலும் இல்லை.

இனி ஒவ்வொரு சம்பவமாக எடுத்துக்கொண்டு கேளுங்கள். ஃபிலிம் அங்கே என்ன செய்திருக்கும்?

தன்பாத் நீதிபதி காரில் இல்லை, நடைபாதை ஓரம் இருந்தார். முதலில் விபத்து போலத்தான் தெரிந்தது. தெருவில் இருந்த கண்காணிப்புக் கேமரா பதிவுதான் அது கொலை என்று காட்டிக்கொடுத்தது. அந்தப் பதிவைக் கொண்டு நடந்த விசாரணையில் சரியாக ஓராண்டு கழித்து 2 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. நீதிபதிக்கு நியாயம் வாங்கிக் கொடுத்தது, நடந்தது வெளியே தெரிந்ததுதான்.

இலங்கையைப் பாருங்கள். 2004 நவம்பர் 19 அன்று கொழும்பு மேல் நீதிமன்ற நீதிபதி சரத் அம்பேபிட்டிய தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். வீட்டு வாசலில் கார்க் கண்ணாடி எதைத் தடுக்கும்? 2017 ஜூலை 22 அன்று யாழ்ப்பாணம் நல்லூரில் மேல் நீதிமன்ற நீதிபதி மா. இளஞ்செழியன் போன காரின் அருகே துப்பாக்கிச் சூடு நடந்தது. அவரைக் காத்தது, கூட வந்த மெய்க்காவலர். அந்தக் காவலர் தம் உயிரையே கொடுத்தார். தமிழ் நீதிபதிக்காகச் சிங்களக் காவலர் கொடுத்த உயிர் அது. பாதுகாப்பு என்றால் அதுதான்: பயிற்சி பெற்ற ஆள், சுற்றிலும் பார்க்கும் கண், உடனே வரும் உதவி. ஃபிலிம் என்பது பிளாஸ்டிக் தாள். குண்டு துளைக்காத கண்ணாடி வேறு, இது வேறு.

இன்னும் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஊரில் எல்லா வண்டிக்கும் தெளிவான கண்ணாடி, நீதிபதி வண்டிக்கு மட்டும் கறுப்புக் கண்ணாடி என்றால் என்ன ஆகும்? கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டியது போல ஆகும். ‘இதோ நீதிபதி போகிறார்’ என்று அந்தக் கண்ணாடியே ஊருக்குச் சொல்லிவிடும். ஆயிரம் கார்களில் ஒரு காராகப் போவதுதான் அவருக்குப் பாதுகாப்பு. நம் பயம் இதோடும் நிற்பதில்லை. நீதிபதி வண்டிக்குக் கறுப்புக் கண்ணாடி உண்டு என்று ஆகிவிட்டால், கறுப்புக் கண்ணாடி வண்டியை நிறுத்தக் காவலர் தயங்குவார். அந்தத் தயக்கத்தைத்தான் கடத்தல்காரன் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறான். நீதிபதிக்கென்று திறக்கும் ஓட்டை வழியாக முதலில் நுழைவது நீதிபதியாக இருக்காது.

உண்மையிலேயே உயிராபத்து உள்ள நீதிபதிக்குத் தீர்ப்பிலேயே வழி இருக்கிறது. பாதுகாப்புப் பிரிவை மதிப்பிடட்டும், குழு முன் விண்ணப்பம் போகட்டும், காரணத்தை எழுதி ஆணை தரட்டும். தனி மனிதருக்கு, தனி ஆபத்துக்கு, ஆராய்ந்து தரும் அனுமதியை நாம் எதிர்க்கவில்லை. பதவியின் பெயரால் மொத்தமாக அள்ளிக் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

வெயிலைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கும் பதில் இருக்கிறது. கம்பெனியிலிருந்தே அளவான சாயக் கண்ணாடியோடு வரும் கார்களுக்குத் தடை இல்லை. விதி திருத்தப்பட்ட பின், 70, 50 விழுக்காடு வெளிச்சத்தையாவது விடும் பாதுகாப்பு கிளேசிங் பொருத்தியவர்களுக்கு அபராதம் போடக் கூடாது என்று 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அந்த அளவு எல்லோருக்கும் பொதுவானது, நீதிபதிக்கும் அது போதும். நம் ஊரில் வளைகுடாவில் ஓட்டுநர் வேலை பார்த்துத் திரும்பியவர்களைக் கேளுங்கள். ஐக்கிய அமீரகத்தில், அந்தப் பாலைவன வெயிலிலும், 50 விழுக்காட்டோடு நிறுத்துகிறார்கள்.

சின்ன விஷயம்தானா?

‘போயும் போயும் ஒரு ஃபிலிமுக்கா இவ்வளவு?’ என்று சிலர் சிரிப்பார்கள். சலுகை எப்போதும் சின்னதாகத்தான் வரும். சிவப்பு விளக்கை மறந்துவிட்டீர்களா? யார் யாரெல்லாமோ காரின் தலையில் சுழல்விளக்கு வைத்துக்கொண்டு நம்மை ரோட்டோரம் ஒதுக்கினார்கள். 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்குக் கடிவாளம் போட்டது. 2017 மே 1 முதல் குடியரசுத் தலைவர், பிரதமர், இந்தியத் தலைமை நீதிபதி என்று யாருடைய வண்டியிலும் விளக்கு இல்லை என்றானது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்ற அவசர வண்டிகளுக்கு மட்டும் வழிவிட நாடு பழகிக்கொண்டது.

சுங்கச்சாவடியைப் பாருங்கள். சென்னை போனால் திருமாந்துறை, திருச்சி போனால் சமயபுரம்: இரண்டிலும் நாம் கட்டாத காசு இல்லை. 2008-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளின்படி உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்குக் கட்டண விலக்கு இருக்கிறது. சரி, அலுவல் பயணம் என்று விட்டுவிடுவோம். அதோடு நின்றதா? 2018 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று, முக்கியப் பிரமுகர்களுக்கும் பதவியில் உள்ள நீதிபதிகளுக்கும் சுங்கச்சாவடியில் தனிவழி விட வேண்டும் என்று உத்தரவு போட்டது. நீதிபதிகள் 10, 15 நிமிடம் காத்திருக்க நேர்கிறதாம். பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு அதே வரிசையில் நாம் நின்றிருக்கிறோமே, அந்த நிமிடங்களை யார் எண்ணினார்கள்? முதலில் கட்டணம், பிறகு வரிசை, அடுத்து கண்ணாடி. ஒவ்வொன்றும் தனித்தனியே சின்னதுதான். சேர்த்துப் பார்த்தால் சாலையில் இரண்டு வகைக் குடிமக்கள் உருவாகியிருப்பார்கள்.

நீதிபதிக்குத் தனிக் காப்பு எங்கே தேவையோ அங்கே சட்டம் ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. தீர்ப்புக்காக அவர்மேல் வழக்குப் போட முடியாது, 1985-இன் நீதிபதிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பயப்படாமல் எழுத அது வேண்டும், அதை நாமும் காப்போம். மற்றபடி அவரும் சட்டத்துக்கு உட்பட்டவர். சென்னை உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி வீராசாமி வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: ஊழல் தடுப்புச் சட்டத்தின் கண்ணில் உயர் நீதிமன்ற நீதிபதியும் பொது ஊழியரே. 1997 மே 7 அன்று உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வு தனக்குத் தானே விதித்துக்கொண்ட 16 ஒழுக்க நெறிகளிலும், தெளிவாகத் தரப்படாத சலுகையால் ஆதாயம் தேடக் கூடாது என்பது ஒன்று. 2022 செப்டம்பர் முதல் அரசியல் சாசன அமர்வின் விசாரணையை நாமெல்லாம் செல்ஃபோனில் நேரலையாகப் பார்க்கிறோம். நீதிமன்ற அறையையே ஊருக்குத் திறந்து வைத்தவர்கள், வீடு திரும்பும் வழியில் கண்ணாடியை மூடிக்கொள்வதா?

நமக்கு முன்மாதிரியும் இருக்கிறது, அதுவும் பக்கத்திலேயே. ஸ்ரீரங்கத்துக்காரர் கே. சந்துரு. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தபோது துப்பாக்கிக் காவலரை வேண்டாம் என்றார். காரில் சிவப்பு விளக்கை வேண்டாம் என்றார். செங்கோல் பிடித்து முன்னால் நடக்கும் டவாலியை வேண்டாம் என்றார். 96 ஆயிரம் வழக்குகளை முடித்து, 2013 மார்ச் 8 அன்று ஓய்வு பெற்ற அன்றே அரசுக் காரை ஒப்படைத்துவிட்டு மின்சார ரயிலில் ஏறி வீட்டுக்குப் போனார். அவருக்கு எதிரிகள் இல்லாமலா இருந்திருப்பார்கள்?

அவர் வழக்கறிஞராக நடத்திய ஒரு வழக்கை ‘ஜெய் பீம்’ படத்தால் நாடே அறியும். 1993-இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்ட முதனை ராஜாக்கண்ணுவின் உடல் மாவட்ட எல்லை தாண்டி மீன்சுருட்டி பக்கம் போடப்பட்டது. இன்றைய அரியலூர் மாவட்டம், நம் மண். ஒரு மனிதனை ஊருக்குத் தெரியாமல் வண்டியில் ஏற்றிப் போக முடிந்தால் என்ன நடக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த உண்மையை வெளியே இழுத்துவந்ததும் உயர் நீதிமன்றம்தான். அதனால்தான் சொல்கிறேன், இது நீதிமன்றத்துக்கு எதிரான போராட்டம் இல்லை. ஏழைக்குக் கடைசிக் கதவு நீதிமன்றம். அந்தக் கதவின்மேல் மக்களுக்கு உள்ள நம்பிக்கை குறையக் கூடாது என்பதற்கான போராட்டம்.

இப்போது செய்ய வேண்டியவை

முதல் வேலை நம் வண்டியில். இன்னும் கொஞ்சம் ஃபிலிம் ஒட்டிக்கொண்டு திரிகிற தோழர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். ‘கட்சி வண்டி’, ‘பிரஸ்’, ‘அட்வகேட்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிச் செக்போஸ்ட்டைத் தாண்டுகிறவர்களும் இருக்கிறார்கள். சென்னையில் 2024 மே 2 முதல் தனியார் வண்டிகளில் இப்படிப்பட்ட ஸ்டிக்கர்களுக்குத் தடை வந்தது நினைவிருக்கட்டும். நம் கை சுத்தமாக இருந்தால்தான் அடுத்தவர் கண்ணாடியைச் சுட்டிக்காட்ட முடியும். இந்த வாரமே உரித்தெறியுங்கள். திரையையும் கழற்றுங்கள்.

இரண்டாவது, தகவல் கேட்போம். 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். உள்துறைக்கும் காவல்துறைத் தலைமை இயக்குநர் அலுவலகத்துக்கும் தனித்தனியே அனுப்புவோம். கேட்க வேண்டியவை: 2012 தீர்ப்புக்குப் பின் தமிழ்நாட்டில் விலக்குக் குழு அமைக்கப்பட்டதா? எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனைக்கு அனுமதி கிடைத்தது? அனுமதி அரசு வாகனங்களுக்கு மட்டும்தானா? பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஆண்டுதோறும் கண்ணாடி ஃபிலிமுக்குப் போடப்பட்ட வழக்குகள் எத்தனை, அவற்றில் அரசு வாகனங்கள் எத்தனை? எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். பெயரையோ வண்டி எண்ணையோ கேட்காதீர்கள். கேட்டால் உயிருக்கு ஆபத்து என்று 8-ஆம் பிரிவைக் காட்டி மொத்தத்தையும் மறுத்துவிடுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் மாநிலத் தகவல் ஆணையம். விடக் கூடாது.

மூன்றாவது, கையெழுத்து. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கடைத்தெருவில் கூட்டம் கலைவதற்குள் மேசை போடுவோம். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதம் ரோட்டுக்குக் கிடையாது. வண்டி ஓட்டுகிற எல்லோரிடமும் வாங்குவோம். வண்டியில் போகிற பெண்களிடம் கட்டாயம் வாங்குவோம், தெளிவான கண்ணாடி முதலில் அவர்களுக்கானது. மனுவில் நாலு வரி போதும்: பதவியை வைத்து எந்த வகுப்பாருக்கும் கண்ணாடி விதியில் விலக்கு தராதீர்கள். தர நினைத்தால் வரைவை வெளியிட்டு மக்களின் ஆட்சேபத்தைக் கேளுங்கள். இசட் பிரிவுக் குழுவின் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். நீதிபதிகளுக்கு உண்மையான பாதுகாப்பைக் கூட்டுங்கள். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் பெரம்பலூர் ஆட்சியர் அலுவலகத்தில் மொத்தமாகக் கொடுப்போம். பேரூராட்சியில் பகுதி சபை கூடும்போது தீர்மானமாக வைப்போம்.

நான்காவது, நீதிபதிகளுக்காக நாமே கேட்போம். மாவட்ட, தாலுகா நீதிமன்றங்களில் வேலை பார்க்கும் நீதிபதிகள் பலருக்குத் தனிக் காவலர் கிடையாது. கஞ்சா வழக்கும் கொலை வழக்கும் விசாரித்துவிட்டுச் சந்தைக்கும் பள்ளிக்கும் நம்மைப் போலத்தான் போய் வருகிறார்கள். அவர்களின் குடியிருப்புக்கு இரவுக் காவல், நீதிமன்ற வளாகத்துக்கு வேலை செய்யும் கேமரா, வாசலில் சோதனை, மிரட்டல் வந்தால் அன்றே பாதுகாப்பு மதிப்பீடு: இவற்றை நம் மனுவில் சேருங்கள். விலக்குக் கொடுத்துவிட்டு ‘பாதுகாப்புக் கொடுத்தாயிற்று’ என்று அரசு கைகழுவ விடக் கூடாது.

ஒரு கட்டுப்பாடு. கோஷத்தில் எந்த நீதிபதியின் பெயரும் வரக் கூடாது. சாதி, மதம் வரக் கூடாது. நீதிமன்ற வாசலில் கூடி நிற்கக் கூடாது. எந்த நீதிபதியின் காரையும் செல்ஃபோனில் படம் பிடித்துக் குழுக்களில் பரப்பக் கூடாது, அது பாதுகாப்பைக் கெடுக்கும் வேலை. மீறுகிறவர் நம்மோடு வர வேண்டாம்.

தோழர்களே, கண்ணாடிக்குள் யார் உட்கார்ந்திருந்தாலும் விதி ஒன்றுதான் என்பதை 2012-இல் நம் செலவில், நம் கையால் ஃபிலிம் உரித்து நாம் நிறைவேற்றினோம். சட்டத்தை மதித்தவனுக்குத்தான் சட்டத்தின் சமத்துவத்தைக் கேட்கும் உரிமை அதிகம். அந்த உரிமையோடு வாருங்கள். ஸ்டாண்டுக்கு ஒருவர் பொறுப்பெடுங்கள். பேனாவும் மனுவும் வில்லையும் நாங்கள் கொண்டுவருகிறோம். உங்கள் பெயரும் கையெழுத்தும்தான் வேண்டும்.

பதவிக்கென்று விலக்கு வேண்டாம், யாருக்கும் வேண்டாம்!
பாதுகாப்பு வேண்டும், நீதிபதிக்கும் வேண்டும், நமக்கும் வேண்டும்!
வெள்ளிக்கிழமை கடைத்தெருவில் கூடுவோம்! திங்கட்கிழமை பெரம்பலூரில் கொடுப்போம்!